க்ரீம் போட்டும் வலிக்கிறதா? மரப்பு மருந்தில் வரும் கோளாறுகளும் அவற்றுக்கான வழியும்

முகத்தில் கறுப்பு மரு சுடுவது, லேசரில் முடி எடுப்பது, டெர்மா ரோலர் (நுண்ணூசிகள் பதித்த உருளையை முகத்தில் ஓட்டுவது), மூக்கு குத்துவது, அறுந்த காதைத் தைப்பது என்று தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஸ்கின் கிளினிக்குகளில் கூட்டம் நெரியும். வருகிறவர்களின் முதல் கேள்வி, "வலிக்குமா சிஸ்டர்?" அடுத்தது, "நானே க்ரீம் வாங்கிப் பூசிக்கிட்டு வந்துடட்டுமா?" கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் எனக்கு இதுதான் வேலை. டாக்டர் எழுதிய அளவைப் பூசுவது, மூடுவது, கடிகாரம் பார்ப்பது, துடைப்பது.

க்ரீம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குறை மருந்தின் வீரியத்தில் இருப்பதில்லை. மருந்தின் வகை, பூசிய கனம், மூடிய விதம், விட்ட நேரம், அந்த இடத்துத் தோலின் தடிமன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும். எது பிசகியது என்று பார்க்காமல் இதைவிட வீரியமான க்ரீமைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். உங்களுக்கு இருக்கும் தொந்தரவை கீழே தேடிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான இரண்டையும் முதலில் வைத்திருக்கிறேன். எதைத் தேடி வந்திருந்தாலும் அவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள்.

காலில் பூசினேன், வாயெல்லாம் மரக்கிறது, தலை சுற்றுகிறது

பூசிய இடம் மரப்பது சரி. பூசாத இடமான நாக்கும் வாயைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்தால், மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறுகிறது என்று அர்த்தம். வாயில் இரும்பை நக்கியது போன்ற ருசி, காதில் ரீங்காரம், பார்வை மங்குவது, பேச்சுக் குழறுவது, கை கால் துடிப்பது, காரணமில்லாத பதற்றம் அல்லது தூக்கக் கலக்கம் ஆகியவையும் அதே வரிசையில் வரும். முற்றினால் வலிப்பு, அதற்கப்புறம் இதயத் துடிப்பில் கோளாறு.

மேலே மூடியிருப்பதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, க்ரீமை ஈரத்துணியால் துடைத்து, சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். சூடும் தேய்ப்பும் மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். உடனே 108. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அதில் ஒரு பயனும் இல்லை. க்ரீம் டியூபை மறக்காமல் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிலைக்கு 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிற சிகிச்சை உண்டு. அது அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் நடக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று வழியில் நின்று விவாதிக்க வேண்டாம், 108 வண்டியில் இருப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

உதடும் நகமும் நீலமாக, சாம்பல் நிறமாக இருக்கிறது

இது வேறு கோளாறு. நம் ஊரில் கிடைக்கும் மரப்பு க்ரீம்களில் அதிகம் புழங்குவது லிக்னோகைன் 2.5 சதவீதம், பிரைலோகைன் 2.5 சதவீதம் சேர்ந்த கலவை. (லிடோகைன் என்று போட்டிருந்தாலும் லிக்னோகைனேதான்.) பிரைலோகைன் உடலுக்குள் உடையும்போது வரும் ஒரு பொருள், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அந்த வேலைக்கு லாயக்கில்லாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். கொஞ்சம் மாறினால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதிகமானால் உதடும் நகமும் நீலம் பாயும், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 85ஐ ஒட்டிக் காட்டும், ஆக்சிஜன் கொடுத்தாலும் அந்த எண் பெரிதாக ஏறாது. எடுக்கும் ரத்தம் சாக்லேட் பழுப்பில் இருக்கும்.

இங்கேயும் துடைத்துக் கழுவிவிட்டு 108தான். மாற்று மருந்து மெத்திலீன் நீலம். ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதுவே ரத்த அணுக்களை உடைத்துவிடும் என்பதால், குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறை இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

யாருக்கு இது வர வாய்ப்பு அதிகம்? கைக்குழந்தைகள், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள், டாப்சோன் சாப்பிடுபவர்கள் (தொழுநோய்க்கான கூட்டு மருந்தில் அது இருக்கும், வேறு சில தோல் நோய்களுக்கும் கொடுப்பார்கள்), கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மாத்திரை, மலேரியாவுக்கான பிரைமாகுயின், நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள். இவர்கள் யாரும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசிக்கொள்ளக் கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் அப்படித்தான். லிக்னோகைனை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல், அது தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும்.

பூசி வெகு நேரமாயிற்று, ஊசி பட்டால் இன்னும் சுள்ளென்கிறது

நாங்கள் தினமும் கேட்கும் புகார் இது.

முதலில் டியூபைக் காட்டச் சொல்வேன். பலர் கையில் இருப்பது க்ரீமே இல்லை, லிக்னோகைன் 2 சதவீத ஜெல்லி. சிறுநீர்க் குழாய் வைக்கும்போது பயன்படுத்துவது அது. வீட்டில் பெரியவர் யாருக்கோ வாங்கியது மிச்சமிருந்திருக்கும். இன்னும் சிலர் 10 சதவீத ஸ்ப்ரே கொண்டுவருவார்கள், தொண்டைக்குள் குழாய் விடும் முன் அடிப்பது. இவை இரண்டும் வாய், தொண்டை, சிறுநீர்ப் பாதை போன்ற ஈரச் சவ்வுகளுக்கானவை. முழுசாக இருக்கும் தோலின் மேல் அடித்தால் ஈரமும் குளிர்ச்சியும்தான் மிஞ்சும். ஜெல்லியில் மருந்து உப்பு வடிவில், மின்னூட்டத்தோடு இருக்கிறது. தோலின் மேல்படலம் கொழுப்பும் கெரட்டின் என்னும் புரதமும் அடுக்கிய அடுக்கு. நன்றாக வேய்ந்த கீற்றுக் கூரையில் தூறல் இறங்காதது மாதிரி, மின்னூட்டமுள்ள மருந்து அதில் இறங்காது.

க்ரீமின் சூட்சுமம் வேறு. லிக்னோகைன், பிரைலோகைன் இரண்டும் தனித்தனியே திடப்பொருள்கள். சரிபாதியாகச் சேர்த்தால் உருகுநிலை சுமார் 18 டிகிரிக்கு இறங்கி, அறை வெப்பத்திலேயே எண்ணெய்போல் ஆகிவிடும். மின்னூட்டம் இல்லாத அந்த எண்ணெய்தான் படலத்தைத் தாண்டுகிறது. அதனால் அட்டையில் இரண்டு பெயரும் ஒன்றாக இருக்கிறதா, "க்ரீம்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கிக்குள் கிடந்த டியூப் என்றால் தூக்கிப் போடுங்கள். எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து வழியும் க்ரீமை எவ்வளவு பூசினாலும் ஒரே சீராக மரக்காது.

டியூப் சரி என்றால் அடுத்தது கனம். ஃபேர்னஸ் க்ரீம்போலத் தேய்த்து மறைய வைப்பார்கள். இதைத் தேய்க்கவே கூடாது. 10 சதுர செ.மீ. இடத்துக்கு 1 முதல் 2 கிராம் வரை, அடியில் தோல் தெரியாதபடி அப்பி வைக்க வேண்டும். 5 கிராம் சின்ன டியூப் முழுசும் சேர்ந்து இரண்டு மூன்று தீப்பெட்டி பரப்புக்குத்தான் வரும். அரை டியூபை முகம் முழுக்க இழுவியவருக்கு மரக்காததில் அதிசயம் இல்லை.

அப்புறம் மூடல். இந்தக் கலவைக்கு மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலம் வேண்டும். காற்றுப் படாமல் மூடினால் தோல் ஊறி மருந்துக்கு வழிவிடும். மூடாமல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் க்ரீம் காய்ந்து ஏடு கட்டிவிடும். எந்த க்ரீமை மூட வேண்டும், எதை மூடக் கூடாது என்பது க்ரீமுக்கு க்ரீம் மாறும். லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த லிடோகைன் 4 சதவீத க்ரீம் மூடாமலே 30 நிமிடத்தில் வேலை செய்யும். லிடோகைன் 7, டெட்ரகைன் 7 சதவீதம் சேர்ந்த ஒன்று தானே காய்ந்து தோலாக உரியும். ஒன்றுக்குச் சொன்ன முறையை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

நேரம்: 2.5 கலவைக்கு முழுதாக ஒரு மணி நேரம். ஒரு மணியில் ஏறத்தாழ 3 மி.மீ. ஆழம் மரக்கும், இரண்டு மணியில் 5 மி.மீ. வரை. துடைத்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் மரப்பு நிற்கும். கன்னம், இமையை ஒட்டிய பகுதி போன்ற மெல்லிய தோலில் சீக்கிரமே பிடித்துவிடும். அந்தரங்க உறுப்பின் சவ்வில் ஐந்து பத்து நிமிடமே போதும், அங்கே ஒரு மணி நேரம் விடுவது தவறு. எக்ஸிமா (கரப்பான்) உள்ள தோலிலும் அப்படித்தான், தடுப்புச் சுவர் ஏற்கெனவே ஓட்டையாக இருக்கிறது.

பூசும் முன் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்றும் கேட்பேன். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன், பவுடர் எது மேலே இருந்தாலும் மருந்துக்குக் குறுக்கே நிற்கும். லேசருக்கு வருகிறவர்கள் மஞ்சள் பூசிய முகத்தோடு வந்தால் தோல் சிவக்கிறதா என்று எங்களுக்கும் தெரியாது. இரண்டு நாள் முன்பே மஞ்சளை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வலித்தால் இடத்தைப் பாருங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டிலும் இந்த க்ரீம் அநேகமாகத் தோற்றுப்போகும். வரப்பிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்து காய்த்த பாதத்தில் ஆணியோ மருவோ எடுக்க, எத்தனை மணி நேரம் மூடி வைத்தாலும் மேல்தோலைத் தாண்டாது. அங்கே டாக்டர் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடுவார். தலையில் பிஆர்பி (முடிக்காக, நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் ஊசி) போடுவதற்கும் க்ரீமை நம்ப முடியாது. முடிக்கு நடுவே ஒழுங்காக அப்பவும் மூடவும் வராது, நெற்றியோரம் சுற்றிப் போடும் ஊசிதான் கைகொடுக்கும். ஜிமிக்கிக் கனத்தில் அறுந்த காதுமடலைத் தைப்பதற்கும் ஊசி வேண்டும். அங்கே க்ரீமுக்கு உள்ள உபயோகம், அந்த முதல் ஊசி குத்துவது தெரியாமல் இருப்பது மட்டும். லிக்னோகைன் ஊசி எரிகிறது என்று பயப்படுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் 10 பங்குக்கு 1 பங்கு சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் குறையும்.

இன்னும் வீரியமானது ஆன்லைனில் கிடைக்கிறதாம், வாங்கலாமா?

வேண்டாம். 2007இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. லேசரில் முடி எடுப்பதற்காக லிடோகைனும் டெட்ரகைனும் அதிக வீரியத்தில் கலந்த க்ரீமைக் கால்களில் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் வலிப்பு வந்து, நினைவிழந்து, இறந்துபோனார்கள். ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 25. செய்துகொள்ள இருந்தது முடி எடுக்கும் வேலை! 2024 மார்ச்சில் அதே நிர்வாகம், 4 சதவீதத்துக்கு மேல் லிடோகைன் கலந்து கடையில் நேரடியாக விற்கும் க்ரீம்களுக்காக 6 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வீரியம், பரப்பு, மூடல், நேரம் நான்கும் பெருக்கிக்கொண்டே போகும். 2.5 கலவைக்கே, பெரியவர்கள் வீட்டில் பூசிக்கொள்ள, பிரிட்டன் மருந்துக் குறிப்பு போட்டிருக்கும் மேல் எல்லை 60 கிராம், 600 சதுர செ.மீ. ஒரு முழுக் காலின் பரப்பு அதைப்போலப் பல மடங்கு. இரண்டு காலையும் அப்பி, சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொள்வதை எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். அன்றைக்குத்தான் சவரம் செய்த தோல் என்றால் உறிஞ்சல் இன்னும் கூடும்.

பச்சை குத்தும் இடங்களிலும் புருவம் வரையும் பார்லர்களிலும் ஒரு பழக்கம் உண்டு. ஊசி ஓட்டிப் பாதியில் வலித்தால் அந்தப் புண்ணின் மேலேயே இன்னொரு மரப்பு ஜெல் போடுவார்கள். தோல் திறந்திருக்கிறது, மருந்து தடையில்லாமல் உள்ளே போகும். டெர்மா ரோலரிலும் இதே கதைதான். ரோலர் ஓட்டும் முன் க்ரீமைச் சுத்தமாகத் துடைத்துக் கிருமிநாசினி போட வேண்டும், ஓட்டிய பின் மறுபடி பூசவே கூடாது. கெமிக்கல் பீலுக்கு (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) வருகிறவர்களும் வீட்டிலேயே க்ரீம் போட்டுக்கொண்டு வர வேண்டாம். ஊறின தோலில் அமிலம் நினைத்ததைவிட ஆழம் போகலாம்.

வீட்டில் பூசிக்கொண்டு கிளம்பினேன், வந்து சேர்ந்தபோது பாதிதான் மரத்திருந்தது

மன்னார்குடியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ கும்பகோணம் வருகிறவர்களின் யோசனை இது. பஸ்ஸில் போகும் நேரம் வீணாகாமல் க்ரீம் வேலை செய்யட்டும் என்று நினைப்பார்கள். கணக்கு சரிதான், பஸ்ஸும் வெயிலும்தான் சரியில்லை. வியர்வையில் படலத்தின் ஓரம் கிளம்பி, க்ரீம் ஒரு பக்கமாக வழிந்துவிடும். மருவுக்குப் பூசியது தாடையில் இருக்கும். நெற்றியில் பூசியிருந்தால் கண்ணுக்கு இறங்கும். வழியில் தலை சுற்றினால் வெயில் என்று நினைத்துக்கொள்வீர்கள். வெயிலின் சூட்டில் மருந்து வேகமாகவும் உறிஞ்சப்படும்.

ஒரு மணி நேரம் முன்னதாக வந்து கிளினிக்கிலேயே பூசிக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை என்று யாராவது வீட்டிலேயே பூசிவரச் சொன்னால், எத்தனை கிராம், எந்த இடம், எத்தனை மணிக்குத் துடைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பூசிய இடம் வெள்ளைக்கடுதாசி மாதிரி வெளுத்துவிட்டது, அப்புறம் சிவந்தது

பயப்பட ஒன்றுமில்லை. மருந்து முதலில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பிறகு விரிக்கும். சில மணி நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும். சிவந்து தெரியும் ரத்தக் குழாய்களையும் சிவப்பு மச்சத்தையும் லேசரால் எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். குழாய் சுருங்கி வெளுத்துவிட்டால் லேசர் தேடும் இலக்கே மங்கிவிடும்.

அரிக்கிறது, தடிக்கிறது, கொப்புளம் வருகிறது

லேசான எரிச்சலும் அரிப்பும் முதல் சில நிமிடங்களுக்கு இருக்கும், அடங்கிவிடும். பூசிய எல்லையைத் தாண்டித் தடிப்புப் பரவினாலோ, மறுநாள் நீர்க்கொப்புளம் வந்தாலோ ஒவ்வாமையாக இருக்கலாம். லிக்னோகைன் வகைக்கு உண்மையான ஒவ்வாமை அரிது. பென்சோகைன், டெட்ரகைன் வகையில் அதைவிட அதிகம். படலத்தின் பசைக்கும் சிலருக்குத் தோல் ஒத்துக்கொள்வதில்லை. அப்போது சிவப்பு சதுரச் சட்டம் போட்டது மாதிரி ஓரத்தில் மட்டும் இருக்கும், பார்த்தாலே தெரியும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 108.

கிராம்பு எண்ணெய் பூசியதால் வந்த கொப்புளத்தையும் பார்த்திருக்கிறேன். சொத்தைப் பல்லுக்கு ஒரு துளி வைத்தால் மரக்கிறதே என்று கன்னத்தில் தடவிக்கொண்டு வருவார்கள். தோலில் அது சுட்டுவிடும். தலைவலித் தைலமும் இந்த வேலைக்கு உதவாது. குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றுமே தவிர ஊசி வலியைத் தடுக்காது.

கண்ணில் பட்டுவிட்டது

குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இந்த க்ரீம் காரத்தன்மை கொண்டது, கருவிழியைப் புண்ணாக்கும். எரிச்சல் நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், கண்ணே மரத்துப்போயிருக்கும். அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள், அதுவரை தேய்க்க வேண்டாம். இமை மேல் இருக்கும் மருவுக்கு நாங்கள் க்ரீம் வைப்பதே இல்லை. டாக்டர் மெல்லிய ஊசியில் ஒரு சொட்டுப் போட்டுவிட்டு எடுத்துவிடுவார்.

வலியே தெரியவில்லை, ஆனால் மறுநாள் கருத்துவிட்டது

நல்ல க்ரீம் என்று பாராட்டப்படுவது பல நேரம் இந்தப் புகாரில்தான் போய் முடிகிறது. லேசர் முடியின் வேரில் இருக்கும் மெலனின் என்னும் கறுப்பு நிறமியைத் தேடிப் போகிறது. நம் தோலின் மேலடுக்கிலும் மெலனின் நிறைய. அளவு கூடினால் வேருக்குப் போக வேண்டிய சூடு தோலிலேயே நின்றுவிடும். அப்போது கத்த வேண்டியவர் நீங்கள்தான். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி ஒரு சுள்ளென்ற அடி, உடனே அடங்கினால் அது இயல்பு. அடித்த இடத்தில் எரிச்சல் தங்கினால், சூடு பரவினால், இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். முழுசாக மரத்த தோல் அதைச் சொல்லாது.

அதனால் லேசர் முடி நீக்கத்துக்கு க்ரீமே இல்லாமல் செய்வதுதான் எனக்குப் பிடித்த முறை. குளிர்ந்த முனையுள்ள கருவி, குளிர்காற்று ஊதும் இயந்திரம், ஐஸ் பேக் இவற்றிலேயே கை, கால், முதுகு எல்லாம் முடிந்துவிடும். மேலுதடு, அக்குள், அந்தரங்க இடங்கள் போல வலி கூடிய சின்ன இடங்களுக்கு மட்டும் டாக்டர் சொன்னால் க்ரீம். முதல்முறை என்றால் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டுச் சில நாள் பொறுப்பது நல்லது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் பாதுகாப்பு கூடியது. கல்யாணத் தேதி நெருங்கியபின் முதல்முறையாக எதையும் முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். பெண்ணின் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் எங்கள் டாக்டர் இதில் இறங்கி வருவதில்லை.

சுட்டுவிட்டது என்று தெரிந்தால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸை நேராக வைக்கக் கூடாது. பற்பசை, மை, மஞ்சள், தேன் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் போங்கள். புண் ஆறிய பின் வரும் கருமை மங்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வெயிலில் முகத்தை மூடிக்கொள்வதும் சன்ஸ்கிரீனும் விடாமல் வேண்டும்.

குழந்தைக்குக் காது குத்த வேண்டும், க்ரீம் போடலாமா?

குலதெய்வக் கோயிலில் மாமா மடியில் வைத்துக் குத்தும்போது குழந்தை வீரிடுவதைத் தாங்க முடியாமல் இளம் பெற்றோர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பில் மெத்ஹீமோகுளோபினைத் திருப்பிச் சரிசெய்யும் நொதி இன்னும் முழுசாக வரவில்லை. ஒரு வயதுக்குள் க்ரீம் என்றால் குழந்தை டாக்டர் எடை பார்த்து, அளவும் நேரமும் சொல்லி, வேறு மருந்து ஏதும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான். பூசினால் காதுமடலின் முன்னும் பின்னும் மிகச் சிறிதளவு, காதுத் துளைக்குள் இறங்காதபடி. மேலே ஒட்டிய படலத்தைக் குழந்தை பிய்த்து வாயில் வைக்காமல் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். க்ரீமே இல்லாமல், குத்தியவுடன் பால் கொடுப்பதிலேயே பெரும்பாலான குழந்தைகள் அடங்கிவிடுகின்றன. "தாத்தாவுக்கு வாங்கின ஜெல்லி இருக்கும்மா" என்று ஆரம்பிக்கும் பாட்டிகளுக்குப் பதில்: பாட்டி, அது வேண்டவே வேண்டாம்.

க்ரீம் ஒத்துக்கொள்ளாது, வேறு என்ன வழி?

ஐஸை மெல்லிய துணியில் சுற்றி ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுத்து, உடனே ஊசி போடுவது சின்ன வேலைகளுக்குப் போதும். நேரடியாக வைத்தால் ஐஸும் சுடும். குத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்தாலும் வலி குறையும். தொடுதலும் அதிர்வும் முதுகுத்தண்டுக்குப் போகும் வழியில் வலியை முந்திக்கொள்ளும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கதவுக் கோட்பாடு இதற்கு விளக்கம். இடித்துக்கொண்ட முழங்காலை நாமே அழுத்தித் தேய்க்கிறோமே, அதுதான். உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசி போட, ஈறோரம் இரண்டு பக்கமும் போடும் நரம்பு ஊசிகள் உதட்டை மரக்கச் செய்துவிடும். விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கும் உறைய வைக்கும் ஸ்ப்ரேயில் ஈத்தைல் குளோரைடு இருக்கலாம். அது தீப்பற்றும். மரு சுடும் மின்கருவிக்கும் லேசருக்கும் பக்கத்திலேயே அதைக் கொண்டுவரக் கூடாது.

வேலை முடிந்து வெகு நேரமாகியும் மரப்பு விடவில்லை

க்ரீம் என்றால் ஒன்றிரண்டு மணி நேரம், நரம்பு ஊசி என்றால் அதற்கு மேலும் சில மணி நேரம் இருக்கும். அதுவரை அந்த இடத்தைச் சொறியாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். உதடு மரத்திருந்தால் சாப்பிடும்போது கடித்துக்கொள்வீர்கள், தெரியவே தெரியாது. கிளினிக்கிலிருந்து இறங்கி நேராக டிகிரி காபிக் கடைக்குப் போகிறவர்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். டபராவில் ஆற்றியும் சூடு தெரியாமல் உதட்டை வேகவைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். மறுநாள் காலையிலும் உணர்வு வரவில்லை, அல்லது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருக்கிறது என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது என்ன மருந்து, எத்தனை மணிக்குப் பூசியது, எத்தனை மணிக்குத் துடைத்தது என்ற மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.